பிஎச்பியில் நீட்சி சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளங்களை ஓட்டும் நிரல்மொழியான பிஎச்பியில் ஒரு நீட்சியைச் சேர்ப்பது ஒரு வரிக் கட்டளைதான். ஆனால் அந்த ஒரு வரியை எந்த பிஎச்பிக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் விட்டால் ஒரு மாலைப் பொழுதே போய்விடும். என்னிடம் இது பற்றிக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சரியான கட்டளையைத்தான் அடித்திருப்பார்கள். தவறான பிஎச்பியில் அடித்திருப்பார்கள். அதை மனதில் வைத்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படியே தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

நீட்சி என்றால் என்ன? பிஎச்பிக்குள்ளேயே எல்லாம் இருக்காதா?

இருக்காது. பிஎச்பியின் நடுப்பகுதிக்கு நீங்கள் எழுதிய நிரலைப் படித்து ஓட்டுவதுதான் வேலை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசுவது, படத்தைச் சிறிதாக்குவது, இன்னொரு தளத்திலிருந்து தரவு எடுத்து வருவது, ஜிப் கோப்பைப் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் சி மொழியில் எழுதி வைத்த தனித்தனித் துண்டுகள். அந்தத் துண்டுகள்தான் நீட்சிகள். லினக்ஸில் ‘.எஸ்ஓ’ என்றும் விண்டோஸில் ‘.டிஎல்எல்’ என்றும் முடியும் கோப்புகளாக இருக்கும்.

1998இல் வந்த பிஎச்பி 3தான் இப்படி யார் வேண்டுமானாலும் துண்டு எழுதிச் சேர்க்கலாம் என்ற வசதியைப் பெரிய அளவில் திறந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் உள்ளே வந்து ஆளுக்கொரு நீட்சி எழுதினார்கள். மொழி அவ்வளவு வேகமாகப் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

நீட்சிகள் வரும் வழி மூன்று. பிஎச்பியோடு சேர்த்தே கட்டப்பட்டவை முதல் வகை. பிஎச்பி 8.0 முதல் ஜேசன் அப்படித்தான், நீக்கவே முடியாது. பிஎச்பி மூலநிரலோடு வந்தாலும் தனிப் பொதியாகக் கிடைப்பவை இரண்டாவது வகை. மொழி சார்ந்த வேலைகளுக்கான இன்ட்ல், படங்களுக்கான ஜிடி, ஆங்கிலமல்லாத எழுத்துகளைக் கையாளும் எம்பிஸ்ட்ரிங் இந்த வகை. ரெடிஸ், இமேஜிக், எக்ஸ்டீபக் மாதிரி வெளியார் எழுதித் தருபவை மூன்றாவது. உங்களுக்கு வேண்டியது எந்த வகை என்று தெரிந்தால் எங்கே போய்த் தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

அபாச்சியின் மாட்யூலும் பிஎச்பியின் நீட்சியும் ஒன்றா?

இல்லை. அபாச்சி என்பது தளத்தைப் பரிமாறும் இணையச் சர்வர் மென்பொருள். அதற்கு என்று தனியாக மாட்யூல்கள் உண்டு. முகவரிகளை மாற்றி எழுதும் ‘மாட்_ரீரைட்’ அப்படி ஒன்று. அதை இயக்க ‘ஏ2என்மாட்’ என்ற கட்டளை. பிஎச்பி நீட்சிக்கு ‘பிஎச்பிஎன்மாட்’. பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழம்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

எந்த நீட்சிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று எப்படிப் பார்ப்பது?

‘பிஎச்பி -எம்’ என்று அடித்தால் பட்டியல் வரும். எல்லா வழிகாட்டிகளும் இதைத்தான் சொல்கின்றன. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

அந்தப் பட்டியல் கட்டளைத்திரையில் ஓடும் பிஎச்பியுடையது. உங்கள் தளத்தைப் பரிமாறுவது வேறொரு பிஎச்பி. இன்னொரு இணையச் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் வைத்திருந்தால் பெரும்பாலும் பிஎச்பி-எஃப்பிஎம் என்ற தனிச் சேவை. அபாச்சி என்றால் அதற்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருக்கும் மாட்_பிஎச்பியாக இருக்கலாம், எஃப்பிஎம்மாகவும் இருக்கலாம். டெபியன், உபுண்டு இரண்டிலும் ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு ஃபோல்டர்: ‘/இடிசி/பிஎச்பி/8.3/சிஎல்ஐ’, ‘/இடிசி/பிஎச்பி/8.3/எஃப்பிஎம்’, ‘/இடிசி/பிஎச்பி/8.3/அபாச்சி2’. போதாததற்கு ஒரே சர்வரில் 8.1, 8.3 என்று இரண்டு பதிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடவும் முடியும்.

ஒரு நண்பர் ஒரு மாலை முழுக்க இன்ட்ல் நீட்சியை நிறுவினார், நீக்கினார், திரும்ப நிறுவினார். ‘பிஎச்பி -எம்’ ஒவ்வொரு முறையும் ‘இன்ட்ல்’ என்று காட்டியது. தளமோ ‘கொலேட்டர் என்ற வகுப்பைக் காணோம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கட்டளைத்திரையில் 8.3. தளத்தின் என்ஜின்எக்ஸ் அமைப்பைத் திறந்து பார்த்தால் ‘பிஎச்பி8.1-எஃப்பிஎம்.சாக்’ என்று ஒரு வரி. அந்த ஒரு எண்ணைத்தான் அவர் பார்க்கவில்லை.

அதனால் முதலில் தளத்தையே கேளுங்கள். தளத்தின் ஃபோல்டரில் யாரும் ஊகிக்க முடியாத பெயரில் ஒரு கோப்பு வைத்து, அதில் ‘பிஎச்பிஇன்ஃபோ()’ என்ற ஒரே செயற்கூற்றை எழுதி, உலாவியில் திறங்கள். வரும் நீண்ட பக்கத்தில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே தெரியும் பதிப்பு எண் ஒன்று. ‘சர்வர் ஏபிஐ’ என்ற வரி ஒன்று. எஃப்பிஎம்மா, அபாச்சியா என்பதை அது சொல்லும். எந்த பிஎச்பி.ஐஎன்ஐ படிக்கப்பட்டது, கூடுதல் அமைப்புகள் எந்த ஃபோல்டரிலிருந்து படிக்கப்பட்டன என்ற இரண்டு வரிகள் மீதி. குறித்து முடித்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். சர்வரின் உள்விவரம் முழுக்க அதில் இருக்கிறது. அப்படியே விட்டுவைத்த பல தளங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி விடாதீர்கள்.

சரி, உபுண்டுவில் எப்படிச் சேர்ப்பது?

‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பிஎச்பி8.3-இன்ட்ல்’. ஆப்ட் என்பது உபுண்டு, டெபியன் இரண்டிலும் பொதிகளை நிறுவும் கருவி. பதிப்பு எண்ணை விடாமல் எழுதுங்கள். 8.3 இருக்கும் இடத்தில் உங்கள் தளத்தின் பதிப்பு வர வேண்டும். உபுண்டு 22.04இல் அது 8.1, 24.04இல் 8.3. டெபியன் 12இல் 8.2, டெபியன் 13இல் 8.4.

எண் இல்லாமல் ‘பிஎச்பி-இன்ட்ல்’ என்று அடித்தால் இயங்குதளம் எதை இயல்புப் பதிப்பாக வைத்திருக்கிறதோ அதற்குத்தான் நீட்சி வரும். டெபியனின் பிஎச்பி பொதிகளைப் பராமரிக்கும் ஒண்ட்ரேய் சூரீயின் களஞ்சியத்தைச் சேர்த்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு நீட்சி கேட்கப் போய், அதன் கூடவே ஒரு புதிய பிஎச்பி பதிப்பே வந்து இறங்கிவிடும். ஆப்ட், நிறுவும் முன் ‘இவையெல்லாம் வரப்போகின்றன’ என்று ஒரு பட்டியல் காட்டும் இல்லையா, அதைப் படித்துவிட்டு ‘ஒய்’ அடியுங்கள்.

நிறுவியதும் உள்ளே நடப்பது இதுதான். ‘.எஸ்ஓ’ கோப்பு ‘/யுஎஸ்ஆர்/லிப்/பிஎச்பி/20230831’ என்ற ஃபோல்டருக்குப் போகும். ‘மாட்ஸ்-அவெய்லபிள்’ ஃபோல்டரில் ‘இன்ட்ல்.ஐஎன்ஐ’ என்று ஒரு சின்னக் கோப்பு வரும். அதில் ‘எக்ஸ்டென்ஷன்=இன்ட்ல்.எஸ்ஓ’ என்ற வரியைத் தவிரப் பெரிதாக எதுவும் இருக்காது. அந்தக் கோப்பை நோக்கி ‘கான்ஃப்.டி’ ஃபோல்டரில் ‘20-இன்ட்ல்.ஐஎன்ஐ’ என்ற பெயரில் ஒரு இணைப்பு போடப்படும். ‘பிஎச்பிஎன்மாட்’ செய்வது இந்த இணைப்பைப் போடுவது. ‘பிஎச்பிடிஸ்மாட்’ அதை எடுத்துவிடும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிழைகளை அந்த ஃபோல்டரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ரெட்ஹேட் குடும்பத்தில் ‘டிஎன்எஃப்’, பொதிகளுக்கு ரெமி கொலேயின் களஞ்சியம். முறை அதேதான்.

நிறுவிவிட்டேன், ஆனால் தளத்தில் மாற்றமே இல்லை. ஏன்?

சேவையை மறுபடி தொடங்கியிருக்க மாட்டீர்கள். நீட்சிகள் பிஎச்பி எழும்போது ஒரே ஒரு முறைதான் ஏற்றப்படுகின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எஃப்பிஎம்முக்கு நீங்கள் புதிதாக ஒன்று வைத்தது தெரியாது. ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் பிஎச்பி8.3-எஃப்பிஎம்’ என்று அடியுங்கள்.

என்ஜின்எக்ஸை மறுதொடக்கம் செய்தால் போதாது. அது கோரிக்கையை வாங்கி எஃப்பிஎம்மிடம் தள்ளிவிடுவதோடு சரி. மாட்_பிஎச்பி என்றால் அபாச்சியையே மறுதொடக்கம் செய்ய வேண்டும். கட்டளைத்திரையில் ஓடும் பிஎச்பிக்கு இது எதுவும் தேவையில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத்தானே எழுகிறது. ‘பிஎச்பி -எம்’ காட்டுகிறது, தளத்தில் இல்லை என்ற புகாருக்கு இது இரண்டாவது காரணம்.

‘டைனமிக் லைப்ரரியை ஏற்ற முடியவில்லை’ என்று பிழை வருகிறது. என்ன செய்வது?

பிழைச் செய்தி நீளமாக இருப்பதால் பலர் முதல் பாதியைப் படித்துவிட்டுத் தேடப் போகிறார்கள். விஷயம் கடைசிப் பாதியில் இருக்கிறது. நான் அடிக்கடி பார்ப்பவற்றைச் சொல்கிறேன்.

கடைசியில் ‘நோ சச் ஃபைல்’ என்று இருந்தால், அதற்குச் சற்று முன்னால் பிஎச்பி எந்தெந்தப் பாதையில் தேடியது என்று எழுதியிருக்கும். அந்தப் பாதைக்குப் போய்ப் பாருங்கள். கோப்பு அங்கே இல்லையென்றால் நிறுவப்படவே இல்லை, அல்லது வேறு பதிப்பின் ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கிறது. கோப்பு இருந்தும் இதே செய்தி வந்தால், அந்த நீட்சி நம்பியிருக்கும் இன்னொரு நூலகம் இல்லை என்று பொருள். பெரும்பாலும் அந்த நூலகத்தின் பெயரும் அதே செய்தியில் இருக்கும். ‘.எஸ்ஓ’ கோப்பின் மீது ‘எல்டிடி’ கட்டளையை ஓட்டினால் எது ‘நாட் ஃபவுண்ட்’ என்று தனியாகவே தெரிந்துவிடும்.

‘மாட்யூல் ஏபிஐ’ என்று இரண்டு எட்டிலக்க எண்கள் வந்து, இரண்டும் பொருந்தவில்லை என்று சொன்னால், ஒரு பதிப்புக்குக் கட்டிய நீட்சியை இன்னொரு பதிப்பில் மாட்டப் பார்க்கிறீர்கள். அந்த எண்கள் தேதிகள்தான். 20210902 என்றால் 8.1. 20220829 என்றால் 8.2. 20230831 என்றால் 8.3. 20240924 என்றால் 8.4. 8.3.4இலிருந்து 8.3.10க்குப் போகும்போது எண் மாறாது, பழைய நீட்சியே ஓடும். 8.3இலிருந்து 8.4க்குப் போனால் எல்லா நீட்சியையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ வந்தால் ஏற்றும் வரிசையைச் சந்தேகப்படுங்கள். மைஎஸ்க்யூஎல்ஐ நீட்சிக்கு முன்னால் மைஎஸ்க்யூஎல்என்டி ஏறியிருக்க வேண்டும். ‘கான்ஃப்.டி’ ஃபோல்டரில் ‘10-மைஎஸ்க்யூஎல்என்டி’, ‘20-மைஎஸ்க்யூஎல்ஐ’ என்று எண் போட்டு வைத்திருப்பது இதற்காகவே. அந்த எண் வரிசைப்படிதான் பிஎச்பி படிக்கிறது. பிஎச்பி.ஐஎன்ஐயில் கையால் ஒரு ‘எக்ஸ்டென்ஷன்=’ வரி சேர்த்தீர்கள் என்றால் அது ‘கான்ஃப்.டி’க்கு முன்பாகவே ஏறி, வரிசையைக் குலைத்துவிடும். ‘ஏற்கெனவே ஏற்றப்பட்டுள்ளது’ என்ற எச்சரிக்கை வருவதும் பெரும்பாலும் இப்படிக் கையால் எழுதியதால்தான். இரண்டு இடத்தில் ஒரே வரி. ஒன்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

தளத்தை வேகமாக்கும் ஓப்கேஷ், பிழை தேட உதவும் எக்ஸ்டீபக் இரண்டும் மற்றவை மாதிரி இல்லை. பிஎச்பியின் எஞ்சினுக்குள்ளேயே கை வைப்பவை. அவற்றுக்கு ‘எக்ஸ்டென்ஷன்=’ என்று எழுதக் கூடாது, ‘ஜெண்ட்_எக்ஸ்டென்ஷன்=’ என்று எழுத வேண்டும். பிஎச்பி 8.5 முதல் ஓப்கேஷ் பிஎச்பியோடு சேர்த்தே கட்டப்படுவதால் அதற்கு மட்டும் இந்த வரி தேவையில்லை.

எனக்கு சர்வரில் ரூட் உரிமை இல்லை. ஷேர்டு ஹோஸ்டிங். நான் என்ன செய்யலாம்?

ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கமான சிபேனலில் ‘செலக்ட் பிஎச்பி வெர்ஷன்’ என்று ஒரு பகுதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீட்சிகளின் பெயரும் பக்கத்தில் டிக் போடும் பெட்டியும் இருக்கும். டிக் போடுங்கள், வேலை முடிந்தது. ஒரு கவனம் மட்டும்: அங்கே பிஎச்பி பதிப்பை மாற்றினால் டிக்குகள் பதிப்புக்குப் பதிப்பு தனி. 8.1இல் போட்டது 8.3க்குத் தானாக வராது.

அந்தப் பகுதியே இல்லையென்றால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்பதுதான் வழி. ‘தளம் வேலை செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள். தளத்தின் பெயர், பிஎச்பி பதிப்பு, வேண்டிய நீட்சி, வரும் பிழைச் செய்தி முழுவதும் என்று நான்கையும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். எனக்கு ஒரு முறை இரண்டு நாள் பதில் வராமல் இருந்தது, இப்படித் திருத்தி எழுதிய பிறகு அரை மணி நேரத்தில் செய்து கொடுத்தார்கள்.

நிரலிலிருந்தே ‘டிஎல்()’ என்ற செயற்கூற்றால் நீட்சியை ஏற்றலாம் என்று பழைய கட்டுரைகளில் இருக்கும். எஃப்பிஎம்மில் அது நடக்காது, தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஆப்ட்டில் இல்லாத நீட்சி வேண்டும். பிக்கிள்தான் வழியா?

பிஇசிஎல் என்ற களஞ்சியத்தை பிக்கிள் என்றுதான் உச்சரிக்க வேண்டும், ஊறுகாய்க்கான ஆங்கிலச் சொல் மாதிரி. பல ஆண்டுகளாக வெளியார் நீட்சிகளுக்கு அதுதான் வீடு. இப்போது அதற்கு மாற்றாக பிஎச்பி ஃபவுண்டேஷன் ‘பை’ என்ற கருவியைக் கொண்டுவந்திருக்கிறது. 2025இல் அதன் 1.0 பதிப்பு வெளியானது. பிஎச்பி நூலகங்களை நிறுவும் கம்போசர் கருவியில் பழகியவர்களுக்கு அது உடனே கைவரும், நீட்சிகளை கம்போசரின் களஞ்சியமான பேக்கேஜிஸ்ட்டிலிருந்தே எடுக்கிறது. அது ஓட பிஎச்பி 8.1 அல்லது அதற்கு மேல் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் பையிலேயே தொடங்குங்கள்.

எந்தக் கருவி என்றாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். மூலநிரலை இறக்கி, உங்கள் சர்வரிலேயே சி நிரலைக் கட்டுகிறார்கள். அதற்கு ‘பிஎச்பி8.3-டெவ்’ பொதியும் சி தொகுப்பியும் ‘மேக்’கும் வேண்டும். கையால் செய்வதானால் மூலநிரல் ஃபோல்டருக்குள் போய் ‘பிஎச்பைஸ்’, ‘கான்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்று நான்கு கட்டளை. இரண்டு பதிப்பு இருக்கும் சர்வர் என்றால் ‘பிஎச்பைஸ்8.3’ என்று எண்ணோடு அழைத்து, ‘கான்ஃபிகர்’ கட்டளைக்கு ‘பிஎச்பி-கான்ஃபிக்8.3’ எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் திரும்பவும் அந்த எட்டிலக்க எண் தகராறுதான்.

என் கருத்தைக் கேட்டால், ஆப்ட்டில் ஒரு நீட்சி கிடைக்கும்போது பிக்கிளுக்கோ பைக்கோ போகவே கூடாது. ஆப்ட்டில் வந்தது பாதுகாப்புத் திருத்தங்களோடு தானாகப் புதுப்பிக்கப்படும். நீங்கள் கட்டியதை நீங்கள்தான் நினைவு வைத்துப் புதுப்பிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. ஜிஆர்பிசி மாதிரிப் பெரிய நீட்சிகளைச் சிறிய சர்வரில் கட்டினால் நேரமும் ஆகும், நினைவகம் போதாமல் பாதியிலேயே நின்றும் போகலாம்.

டோக்கரில் ஓட்டுகிறேன். அங்கேயும் ஆப்ட்தானா?

அதிகாரபூர்வ பிஎச்பி இமேஜ் என்றால் இல்லை. அதிலுள்ள பிஎச்பி தனியாகக் கட்டப்பட்டு ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ ஃபோல்டரில் இருக்கிறது. டெபியனின் பிஎச்பி பொதிகள் அதோடு கலந்துவிடாதபடி தடுத்தும் வைத்திருக்கிறார்கள். அங்கே ‘டோக்கர்-பிஎச்பி-எக்ஸ்ட்-இன்ஸ்டால் இன்ட்ல்’ என்பதுதான் கட்டளை. அந்தக் கட்டளை சார்ந்த நூலகங்களைக் கொண்டுவராது. இன்ட்லுக்கு ‘லிப்ஐசியூ-டெவ்’, ஜிப்புக்கு ‘லிப்ஜிப்-டெவ்’ என்று முன்கூட்டியே ஆப்ட்டில் நிறுவ வேண்டும். ஓடும் கன்டெய்னருக்குள் நுழைந்து நிறுவினால் அடுத்த முறை கன்டெய்னரைப் புதிதாக எழுப்பும்போது போய்விடும். டோக்கர்ஃபைலில் எழுதுங்கள்.

விண்டோஸில், எக்ஸாம்ப்பில்?

பெரும்பாலான நீட்சிகள் கூடவே வந்திருக்கும், பிஎச்பி.ஐஎன்ஐயில் வரிக்கு முன்னால் ஒரு அரைப்புள்ளி போட்டு முடக்கி வைத்திருப்பார்கள். அந்த அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அபாச்சியை மறுதொடக்கம் செய்தால் போதும். வெளியிலிருந்து ‘.டிஎல்எல்’ இறக்கினால் பதிப்பு எண், 64 பிட்டா 32 பிட்டா, த்ரெட் சேஃபா இல்லையா என்று மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றையும் பிஎச்பிஇன்ஃபோ பக்கமே சொல்லும்.

தமிழ்த் தளத்துக்கு எந்த நீட்சிகள் கட்டாயம்?

எம்பிஸ்ட்ரிங், இன்ட்ல். இந்த இரண்டும் இல்லாத சர்வரில் தமிழ்த் தளம் நடத்தாதீர்கள் என்றே சொல்வேன். ஏன் என்று ஒரே சொல்லில் காட்டுகிறேன்.

‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் மூன்று எழுத்து: த, மி, ழ். பிஎச்பியின் சாதாரண ‘எஸ்டிஆர்லென்’ செயற்கூற்றைக் கேட்டால் 15 என்று சொல்லும். அது எண்ணுவது பைட்டுகளை. எம்பிஸ்ட்ரிங் நீட்சியின் ‘எம்பி_எஸ்டிஆர்லென்’ 5 என்று சொல்லும். அது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. இன்ட்ல் நீட்சியின் ‘கிராஃபீம்_எஸ்டிஆர்லென்’தான் 3 என்று சரியாகச் சொல்லும்.

இது வெறும் எண் கணக்கு இல்லை. கட்டுரையின் முதல் சில எழுத்துகளை வெட்டி முன்னோட்டமாகக் காட்டும் இடத்தில் இது நேராகக் கண்ணில் அடிக்கும். பைட் கணக்கில் வெட்டினால் ஒரு எழுத்து நடுவில் உடைந்து, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி நிற்கும். உடைந்த அந்தச் சரத்தை ஜேசனாக மாற்றப் போனால் ‘ஜேசன்_என்கோட்’ எதுவும் தராமல் ‘ஃபால்ஸ்’ என்று திருப்பிவிடும், செயலியில் பக்கமே வெறுமையாகத் தெரியும். எம்பிஸ்ட்ரிங் வைத்து வெட்டினால் உடைப்பு இருக்காது. ஆனால் ‘தமிழ்’ என்பதை இரண்டாக வெட்டச் சொன்னால் ‘தம’ என்று தரும், நான்காக வெட்டச் சொன்னால் புள்ளி போய் ‘தமிழ’ என்று நிற்கும். ‘கிராஃபீம்_சப்எஸ்டிஆர்’ இரண்டு கேட்டால் ‘தமி’ என்று தரும். பிஎச்பி 8.4இல் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ‘கிராஃபீம்_எஸ்டிஆர்_ஸ்பிளிட்’ செயற்கூறும் வந்துவிட்டது. சொல் விளையாட்டு எழுதுபவர்களுக்கு அது பெரிய வரம்.

அடுத்தது அகரவரிசை. யூனிகோடில் ன, ற, ழ, ள எழுத்துகளின் இடம் நம் நெடுங்கணக்குப்படி இல்லை. பலா, பவளம், பழம், பள்ளம், பறவை, பனை என்பதுதான் அகராதி வரிசை. சாதாரண ‘சார்ட்’ செயற்கூற்றில் போட்டால் பனை, பறவை, பலா, பள்ளம், பழம், பவளம் என்று வரும். இன்ட்ல் நீட்சியின் கொலேட்டர் வகுப்புக்கு ‘டிஏ_ஐஎன்’ என்று மொழியைச் சொல்லிவிட்டால் சரியாக அடுக்கித் தரும்.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சொற்களஞ்சியத் தளத்தில் சர்வரைப் புதுப்பித்தபோது இன்ட்ல் விட்டுப்போனது. நிரலில் ‘கொலேட்டர் இருந்தால் அது, இல்லையென்றால் சார்ட்’ என்று எழுதி வைத்திருந்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பக்கங்கள் எல்லாம் திறந்தன. மூன்று வாரம் கழித்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதினார்: “ஐயா, உங்கள் தளத்தில் பள்ளத்துக்குப் பிறகு பழம் வருகிறதே, சரிபாருங்கள்.” அன்றைக்கே அந்த ‘இல்லையென்றால்’ கிளையை எடுத்துவிட்டேன். நீட்சி இல்லையென்றால் தளம் உரக்கக் கத்த வேண்டும். அமைதியாகத் தவறு செய்யக் கூடாது.

விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி மென்பொருளுக்கு இந்த இரண்டு நீட்சிகளும் கட்டாயம். வேர்ட்பிரஸ் எம்பிஸ்ட்ரிங் இல்லாமலும் சமாளித்து ஓடும். அது ஓடுகிறது என்பதற்காக நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

ஜிடி நிறுவினேன். படத்தில் தமிழ் எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கிறதே?

நீட்சி சரியாகத்தான் நிறுவப்பட்டிருக்கிறது. பிஎச்பி மூலநிரலோடு வரும் ஜிடிக்கு எழுத்துகளை யூனிகோட் வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரையத்தான் தெரியும். ‘கொ’ என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் போக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எழுத்துரு மாற்றிப் பயனில்லை. இமேஜிக் நீட்சியை, எழுத்தைக் கோத்து அமைக்கும் ராக்கம் அல்லது பாங்கோ நூலகத்தோடு கட்டிய இமேஜ்மேஜிக்கோடு பயன்படுத்துங்கள். ‘கன்வர்ட் -வெர்ஷன்’ என்று அடித்தால் அந்த நூலகங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று தெரியும். சான்றிதழ், அழைப்பிதழ் மாதிரி அச்சுக்குப் போகும் எதையும் ‘கொ, கௌ, ஸ்ரீ’ என்று மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.

நிறைய நீட்சி போட்டால் தளம் மெதுவாகுமா?

சும்மா ஏறி இருக்கும் நீட்சி கொஞ்சம் நினைவகம் எடுக்கும், அவ்வளவுதான். விதிவிலக்கு எக்ஸ்டீபக். நிரலின் ஒவ்வொரு அசைவையும் கவனிப்பதற்காக எழுதப்பட்டது அது. உங்கள் மடிக்கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், மக்கள் பார்க்கும் சர்வரில் வேண்டாம். ஓப்கேஷ் இதற்கு நேர்மாறு. மொழிபெயர்த்த நிரலை நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் தளம் கண்கூடாக வேகமாகும். பிஎச்பி 5.5 முதல் கூடவே வருகிறது. அது இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள்.

வேகத்தைவிடப் பாதுகாப்புதான் எனக்குக் கவலை. ஒவ்வொரு நீட்சியும் ஒரு சி நிரல். பயன்படுத்தாததை எடுத்துவிடுவது நல்லது.

பழைய தளத்தை மாற்றினேன், ‘மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்’ இல்லை என்கிறது. எந்த நீட்சி போட வேண்டும்?

எதைப் போட்டாலும் வராது. பழைய மைஎஸ்க்யூஎல் நீட்சி பிஎச்பி 7.0இலேயே நீக்கப்பட்டுவிட்டது. நிரலைத்தான் மைஎஸ்க்யூஎல்ஐக்கோ பிடிஓவுக்கோ மாற்ற வேண்டும். எம்கிரிப்ட் 7.2இல் வெளியே போனது. அதே பதிப்பில் சோடியம் உள்ளே வந்தது, குறியாக்கத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள். ஐமேப் நீட்சி 8.4இல் பிக்கிளுக்கு நகர்ந்துவிட்டது.

பிஎச்பி பதிப்பை உயர்த்தும்போது நீட்சிகள் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்வது?

உயர்த்துவதற்கு முன், பழைய பதிப்பின் ‘கான்ஃப்.டி’ ஃபோல்டரில் இருக்கும் கோப்புப் பெயர்களை ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். எஃப்பிஎம்முடையது, சிஎல்ஐயுடையது இரண்டையும். புதிய பதிப்புக்கு ஒவ்வொன்றையும் எண்ணோடு நிறுவுங்கள். ‘பிஎச்பி8.1-இன்ட்ல்’ இருந்தது என்பதற்காக ‘பிஎச்பி8.3-இன்ட்ல்’ தானாக வந்து சேராது. பிக்கிளில் கட்டியவற்றைத் திரும்பக் கட்டுங்கள். பிறகு பழைய பட்டியலையும் புதியதையும் ‘டிஃப்’ போட்டுப் பாருங்கள்.

கம்போசர் பயன்படுத்தினால் ‘கம்போசர்.ஜேசன்’ கோப்பின் ‘ரிக்வயர்’ பகுதியில் ‘எக்ஸ்ட்-இன்ட்ல்’, ‘எக்ஸ்ட்-எம்பிஸ்ட்ரிங்’ என்று எழுதி வையுங்கள். இல்லாத சர்வரில் நிறுவப் போனால் அங்கேயே தடுத்துவிடும். ‘இக்னோர்-பிளாட்ஃபார்ம்-ரெக்ஸ்’ என்று சேர்த்துத் தாண்டிப் போகச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும், கேட்காதீர்கள்.

கம்போசரும் கட்டளைத்திரை பிஎச்பியைத்தான் பார்க்கிறது. அதனால் தளத்தின் பக்கமிருந்தும் ஒரு சோதனை வேண்டும். நான் ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கிறேன், கடவுச்சொல் கொடுத்தால்தான் திறக்கும். தேவையான ஒவ்வொரு நீட்சிக்கும் ‘எக்ஸ்டென்ஷன்_லோடட்’ என்று கேட்டு, கடைசியில் பலா முதல் பனை வரை அந்த ஆறு சொற்களை கொலேட்டரில் அடுக்கிக் காட்டும். சர்வரில் எதை மாற்றினாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன்.